சேம்பரிலிருந்து வகுப்பறைக்கு: சென்னைச் சட்ட மாணவர்கள் கோடைப் பயிற்சியை முடித்துக்கொண்டு படிப்புக்குத் திரும்பும் முறை

சென்னையில் சட்டம் படிப்பவர்களில் பலர் மே, ஜூன் மாதங்களை ஏதாவதொரு வழக்கறிஞரின் (சீனியரின்) அலுவலகத்தில், அதாவது சேம்பரில் கழிக்கிறார்கள். தம்புச்செட்டித் தெருவிலோ அரண்மனைக்காரத் தெருவிலோ உள்ள அலுவலகத்தில் வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதும், உயர் நீதிமன்ற வளாகத்தில் ஜூனியர்களுக்குப் பின்னால் நடப்பதும், மாலையில் கட்சிக்காரர்கள் (வழக்கை ஒப்படைத்தவர்கள்) வந்து பேசும்போது ஓரமாக அமர்ந்து குறிப்பெடுப்பதுமாக அந்த வாரங்கள் ஓடிவிடுகின்றன. கல்லூரி திறந்ததும் வேறு வகையான நாள் தொடங்குகிறது: காலை வகுப்பு, வருகைப் பதிவு, உள்மதிப்பீட்டுத் தேர்வு, மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதப் பயிற்சி) தேர்வுச் சுற்று. இந்த மாற்றத்தைத் திட்டமிடாமல் விட்டுவிட்டால், கோடையில் கண்டதும் கேட்டதும் இரண்டு மூன்று வாரங்களில் மங்கிப்போகும். புதிய பருவத்தின் பாடமும் பிடிபடத் தாமதமாகும். நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: வகுப்பு தொடங்கிய முதல் பதினைந்து நாட்களுக்குள் கோடை அனுபவத்தை எழுத்தில் கொண்டுவந்து, அந்தப் பருவத்தின் பாடத்திட்டத்தோடு பிரிவு பிரிவாக இணைத்துவிட வேண்டும். மற்ற வேலைகளை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சேம்பரை விட்டு வரும் முன்

கடைசி வாரத்தில் உங்களிடம் உள்ள கட்டுகள், புத்தகங்கள், நகல் மனுக்களுக்கான ரசீதுகள் ஆகிய அனைத்தையும் குமாஸ்தாவிடம் நேரில் ஒப்படையுங்கள். எந்த வழக்கில் எந்த வேலை பாதியில் நிற்கிறது என்பதை அரைப்பக்கத்தில் எழுதி ஜூனியரிடம் கொடுங்கள். மனுவில் குறை சுட்டிக்காட்டி நீதிமன்ற அலுவலகம் ரிட்டர்ன் செய்திருந்தால், எந்த நாளுக்குள் திரும்பத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதைத் தனியாகக் குறித்துக் கொடுப்பது அவசியம். பயிற்சி மாணவர் போனபிறகு அந்தத் தாள் எங்கே என்று சேம்பரே தேடும் நிலை வந்தால், அடுத்த ஆண்டு உங்களுக்குப் பிறகு வரும் மாணவருக்கும் அந்தக் கதவு சற்று இறுகிவிடும்.

சான்றிதழை உடனே வாங்கிவிடுங்கள். சீனியரின் லெட்டர்ஹெட்டில், அவருடைய பதிவு எண், பயிற்சி தொடங்கிய நாள், முடிந்த நாள், நீங்கள் பார்த்த வேலையின் தன்மை, கையொப்பம், முத்திரை ஆகியவை இருக்க வேண்டும். கல்லூரிக்கெனத் தனிப் படிவம் இருந்தால் அதையும் அதே நாளில் நிரப்பி வாங்குவது நல்லது. வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்களும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் பயிற்சி முடித்திருக்க வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் செல்லக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு படிப்புகளிலும் ஆண்டுக்குச் சராசரி நான்கு வாரம் வருகிறது. ஆகவே ஒரு கோடையை வீணாக்கியவர் அந்த நான்கு வாரங்களை வேறொரு விடுமுறையில்தான் ஈடுகட்ட முடியும். முழுப் படிப்புக் காலத்தில் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தொழில் செய்யும் வழக்கறிஞர்களிடம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும் அவ்விதி சொல்கிறது. எல்லாக் கோடைகளையும் நிறுவனங்களிலேயே கழித்தவர்கள் இதைக் கடைசி ஆண்டு வரை கவனிக்காமல் இருந்துவிடக் கூடாது.

சான்றிதழில் உள்ள நாட்கள் உண்மையான நாட்களாக இருக்கட்டும். கல்லூரியில் வருகை பதிவான ஒரு நாளில் சேம்பரிலும் இருந்ததாகச் சான்றிதழ் சொன்னால், அந்த முரண்பாட்டுக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். சட்டத்தொழிலுக்குள் நுழையும் முன்பே தேதி திருத்திய ஒரு தாளைக் கையில் வைத்திருப்பது எந்த வகையிலும் தகாது.

கட்சிக்காரரின் இரகசியம்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் நண்பர்கள் கூடினால் கோடையில் பார்த்த வழக்குகளைப் பற்றிய பேச்சு இயல்பாக வரும். இங்கே மிகுந்த கவனம் தேவை. கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்னவற்றுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அந்த வழக்கறிஞரின் எழுத்தருக்கும் பணியாளருக்கும் நீள்கிறது. பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 132ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பயிற்சி மாணவர் என்ற சொல் அதில் இல்லையே என்று வாதிடலாம் என்றாலும், சேம்பரில் அமர வைத்து உங்களை நம்பிய சீனியரிடம் அந்த வாதம் எடுபடாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. கைப்பேசியில் எடுத்த ஆவணப் படங்களையும், வாட்ஸ்அப்பில் வந்த வரைவுகளையும், மின்னஞ்சலில் தங்கிய கோப்புகளையும் சேம்பருக்கு வேண்டியவை போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு நீக்கிவிடுங்கள். கல்லூரியில் ஒப்படைக்கும் டைரியில் பெயர்களுக்குப் பதிலாக வாதி, பிரதிவாதி, மனுதாரர் என்று எழுதுங்கள். ஊர், தொழில், தொகை ஆகியவற்றைக் கொண்டு ஆளை அடையாளம் காண முடியுமென்றால் அவற்றையும் பொதுவாக்கிவிடுங்கள். பாலியல் குற்ற வழக்கு எதையாவது பார்த்திருந்தால், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அச்சிடுவதோ வெளியிடுவதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டத்தின்) 72ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது என்பதை மறக்க வேண்டாம். அத்தகைய வழக்கைக் கல்லூரி டைரிக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே சரி என்பது என் கருத்து.

டைரியும் மே மாதம் காட்டாத பகுதியும்

மூட் கோர்ட்டும் பயிற்சியும் சேர்ந்த கட்டாயத் தாளுக்கு பார் கவுன்சில் விதிகள் 100 மதிப்பெண் வகுத்துள்ளன. மூன்று மூட் கோர்ட்டுகளுக்கு 30. ஒரு சிவில் வழக்கையும் ஒரு கிரிமினல் வழக்கையும் நீதிமன்றத்தில் கவனித்து எழுதும் பதிவேட்டுக்கு 30. கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் விவரம் கேட்கும் இரண்டு அமர்வுகளையும், ஆவணங்கள் தயாராகித் தாக்கலாகும் முறையையும் பதிவு செய்யும் டைரிக்குத் தலா 15 வீதம் 30. வாய்மொழித் தேர்வுக்கு 10. இவற்றில் டைரிக்கு உரியதைக் கோடையிலேயே முழுமையாகச் சேர்த்துவிடலாம். பதிவேட்டுக்கு உரியது அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

காரணம் எளிது. மே மாதத்தில் உயர் நீதிமன்றமும் சிவில் நீதிமன்றங்களும் கோடை விடுமுறையில் இருக்கும். அவசர மனுக்களை விடுமுறைக்கால அமர்வுகள் மட்டும் விசாரிக்கும். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களுக்கு அந்த விடுமுறை இல்லை. எனவே மே மாதம் பயிற்சிக்குப் போன மாணவர் எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் ரிமாண்டையும் ஜாமீன் மனுக்களையும் வேண்டிய அளவு பார்த்திருப்பார். சேம்பரில் உட்கார்ந்து, ஜூனில் தாக்கல் செய்ய வேண்டிய பிராதுகளை (சிவில் வழக்கைத் தொடங்கும் மனுக்களை) படித்திருப்பார். ஆனால் சிவில் வழக்கில் சாட்சி கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்கு ஆளாவதை அவர் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஜூன் தொடக்கத்தில் நீதிமன்றம் திறந்து கல்லூரி திறப்பதற்கு முன் கிடைக்கும் இடைவெளியை நகர சிவில் நீதிமன்றத்துக்கே ஒதுக்குங்கள். விசாரணை நிலையில் உள்ள ஒரு வழக்கைச் சேம்பரின் உதவியோடு தேர்ந்தெடுத்து, அடுத்தடுத்த வாய்தாக்களில் தொடர்ந்து போய் அமருங்கள். ஐந்து வழக்குகளை ஒவ்வொரு நாள் பார்ப்பதைவிட ஒரே வழக்கை ஐந்து வாய்தா பார்ப்பதே பதிவேட்டுக்கும் அறிவுக்கும் உதவும், ஏனெனில் விதி கேட்பதும் வெவ்வேறு நாட்களில் கவனித்த படிநிலைகளைத்தான்.

எழுதும்போது "இன்று நீதிமன்றம் சென்றோம், வழக்கு தள்ளிவைக்கப்பட்டது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஏன் தள்ளிவைக்கப்பட்டது, யார் கேட்டார், எதிர்த்தரப்பு என்ன சொன்னது, செலவுத்தொகை விதிக்கப்பட்டதா, இதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இத்தகைய வரிகளிலிருந்தே பிறக்கும்.

ஒரு கட்டை எடுத்துப் பாடத்தோடு இணைப்பது

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் மதிக்கும் பகுதி இது. கோடையில் நன்கு படித்த ஒரே ஒரு வழக்கை நினைவிலிருந்து எடுத்து, அதன் தேதிகளை ஒரு தாளில் இறக்கி, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அந்த நாளை முக்கியமாக்கும் சட்டப் பிரிவை எழுத வேண்டும். சேம்பர்களில் மாணவர்கள் அடிக்கடி காணும் காசோலை வழக்கைக் கொண்டு காட்டுகிறேன். தேதிகள் எடுத்துக்காட்டுக்காக அமைத்தவை.

காசோலை பணமின்றித் திரும்பியதாக வங்கியிடமிருந்து தகவல் வந்தது 2025 ஏப்ரல் 10. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி அந்தத் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும்; மே 2 அன்று அனுப்பியாயிற்று. எதிர்த்தரப்பு அதைப் பெற்றது மே 6. பணம் செலுத்த 15 நாள் அவகாசம் மே 21 அன்று முடிகிறது. செலுத்தாததால் மே 22 அன்று வழக்குமூலம் (வழக்குத் தொடுக்கும் உரிமை) பிறக்கிறது. 142ஆம் பிரிவின்படி அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும்; வழக்குமூலம் பிறந்த நாளை நீக்கிக் கணக்கிட்டால் கடைசி நாள் ஜூன் 22. அன்று ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால் திறக்கும் அடுத்த நாளில் தாக்கல் செய்யலாம் என்று ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்வதால் திங்கள் காலை போதுமானது. அதையும் தவறவிட்டால், போதிய காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரும் வழி 142இலேயே உள்ளது.

இந்த ஆறேழு தேதிகளுக்குள் எத்தனை பாடங்கள் வந்துவிட்டன என்று பாருங்கள். காலவரையறைச் சட்டம் படிப்பவருக்கு நாள் கணக்கிடும் முறை கிடைக்கிறது. சாட்சியச் சட்டம் படிப்பவர், காசோலையில் உள்ள கையொப்பம் ஒப்புக்கொள்ளப்பட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139ஆம் பிரிவின் அனுமானம் எழுவதையும், சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்பதையும் அந்த அனுமானம் உள்ளடக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் ரங்கப்பா எதிர் ஸ்ரீ மோகன் வழக்கில் கூறியதையும் இங்கே பொருத்திக்கொள்ளலாம். எந்த ஊர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது என்ற கேள்வி ஆள்வரை (நீதிமன்றத்தின் அதிகார எல்லை) பற்றிய பாடத்துக்குப் போகிறது. விடுமுறைக் காலத்தில் காலவரையறை நின்றுவிடும் என்று பொத்தாம்பொதுவாக நம்புபவருக்கு, மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் மே மாதத்திலும் திறந்தே இருக்கின்றன என்பதும் இங்கேதான் உறைக்கும். பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாக நிற்பவை ஒரே கட்டில் ஒன்றுகூடி இருப்பதை நேரில் கண்டவர்கள் நீங்கள். அந்த உறவை எழுதி வைத்துக்கொண்டால் பருவம் முழுவதும் அது துணைநிற்கும்.

கிரிமினல் கட்டுகளைப் பார்த்து வந்தவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்கான வழக்குகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளோடுதான் இன்றும் நடக்கின்றன. ஆகவே சேம்பரில் பார்த்த எண்களும் வகுப்பில் கேட்கும் எண்களும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எண்களை ஒருபுறமும், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் எண்களை மறுபுறமும் எழுதிக்கொள்ளுங்கள்: மாஜிஸ்திரேட் ஜாமீன் வழங்கும் 437 இப்போது 480, முன்ஜாமீனுக்குரிய 438 இப்போது 482, உயர் நீதிமன்றமும் அமர்வு நீதிமன்றமும் ஜாமீன் வழங்கும் 439 இப்போது 483, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கூறிய 482 இப்போது 528. இவற்றில் 482 என்ற எண்தான் மிகுந்த குழப்பத்தைத் தரும். பழைய சட்டத்தில் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரும் மனுவோடு சேர்ந்து வழங்கிய எண், புதிய சட்டத்தில் முன்ஜாமீனைக் குறிக்கிறது. தேர்வில் எந்தச் சட்டத்தின் பிரிவு என்று குறிப்பிடாமல் வெறும் எண்ணை எழுதினால் விடை முழுவதும் தடம் மாறிவிடும்.

விடை எழுதும் முறையை மாற்றிக்கொள்வது

சேம்பரில் எந்தக் கேள்விக்கும் ஒரு பக்கம் உண்டு: நம் கட்சிக்காரரின் பக்கம். அவருக்கு எந்தத் தீர்ப்பு உதவும் என்று தேடிப் பழகிய மனம், தேர்வில் சிக்கல் கேள்வி வந்ததும் வாதியின் வழக்கறிஞரைப் போல எழுதத் தொடங்கிவிடுகிறது. திருத்துபவர் எதிர்பார்ப்பது பிரச்சினையை அடையாளம் காண்பது, பொருந்தும் விதி, இரு தரப்பும் சொல்லக்கூடியவை, பிறகு ஒரு முடிவு. இந்தப் பழக்கத்தை மாற்ற, கோடையில் நீங்கள் வரைவெழுத உதவிய ஒரு மனுவுக்கு எதிர்த்தரப்பின் பதிலை நீங்களே இரண்டு பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம். பிராதை நிராகரிக்கக் கோரும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் கட்டளை 11ஆம் விதி மனு இதற்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் அதில் பிராதின் கூற்றுகளை மட்டுமே பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இரு தரப்பின் வாதத்தையும் கூர்மையாக்கும்.

முழுத்தீர்ப்பைப் படிக்கும் வழக்கத்தையும் மீட்டெடுக்க வேண்டும். சேம்பரின் அவசரத்தில் தலைப்புரையையும் தேவையான பத்தியையும் மட்டும் பார்த்து எடுத்துக்கொடுப்பது தவிர்க்க முடியாதது. வகுப்பில் அது போதாது. வாரம் ஒரு தீர்ப்பையாவது முதல் பத்தி முதல் கடைசி வரை படியுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் எழும்பூர் கன்னிமாரா நூலகமும் விடுதி அறையைவிட இதற்கு உகந்த இடங்கள்.

வருகைப் பதிவும் வாரத் திட்டமும்

உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இயங்கிய காலத்தில் வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் சில நிமிடங்களில் நீதிமன்ற அறைக்கு நடந்து போக முடிந்தது. 2018இல் அது புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாறிய பிறகு, காலையில் வகுப்பு, பிற்பகலில் உயர் நீதிமன்றம் உள்ள பாரிமுனை என்பது ஏறத்தாழ முடியாத காரியமாகிவிட்டது. பெருங்குடியில் உள்ள சீர்மிகு சட்டப் பள்ளி மாணவர்களுக்குப் பறக்கும் ரயில் கைகொடுத்தாலும், கடற்கரை நிலையம் வரை போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும்.

பார் கவுன்சில் விதிகள் வருகையைப் பாடவாரியாகப் பார்க்கின்றன: ஒவ்வொரு பாடத்திலும் நடந்த வகுப்புகளில் 70 விழுக்காடு; அசாதாரணக் காரணம் இருந்தால், அந்தப் பாடத்தில் 65 விழுக்காடும் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 விழுக்காடும் உள்ளவரை அனுமதிக்க வழியுண்டு. உங்கள் கல்லூரி இதை எவ்வாறு நடைமுறைப்படுத்துகிறது என்பதை முதல் வாரமே அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள்தானே நீதிமன்றம் போகிறோம் என்று நினைப்பவர்கள் கால அட்டவணையைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஒரு பாடத்துக்கு வாரம் நான்கு வகுப்பு இருந்து, அவற்றில் இரண்டு புதன்கிழமையிலேயே வருமானால், புதன்தோறும் வகுப்புக்குப் போகாதவர் அந்தப் பாடத்தில் பாதி வருகையை இழப்பார். மொத்த வருகை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் குறை தீராது. நாளைத் தேர்ந்தெடுக்கும் முன் அட்டவணையைப் பாடம் பாடமாகப் பிரித்துப் பாருங்கள்.

சேம்பரோடு உள்ள தொடர்பை முற்றிலும் அறுத்துவிட வேண்டியதில்லை. பெரும்பாலான சேம்பர்களில் சனிக்கிழமை கட்சிக்காரர்கள் வருவார்கள், அடுத்த வாரத்துக்கான தயாரிப்பும் நடக்கும். சீனியரிடம் நேரில் போய், "சார், காலேஜ் திறந்தாச்சு. வகுப்பு நாளில் வர முடியாது, சனிக்கிழமை காலையில் வரட்டுமா?" என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். வருவேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பதைவிட, எது முடியும் எது முடியாது என்று முதலிலேயே சொல்பவரைத்தான் சீனியர்கள் நம்பிக்கையோடு வைத்துக்கொள்கிறார்கள். வகுப்பு நாளில் ஜூனியரிடமிருந்து "நாளைக்கு ஒரு நகல் எடுத்துட்டு வர முடியுமா?" என்று அழைப்பு வந்தால், பணிவாக மறுப்பதில் தவறே இல்லை. உள்மதிப்பீட்டுத் தேர்வு வாரத்தில் சனிக்கிழமையையும் விட்டுவிடுங்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். தன்விவரக் குறிப்பில் கோடைப் பயிற்சியைச் சேர்க்கும்போது வழக்கின் பெயரைத் தவிர்த்து, செய்த வேலையை மட்டும் குறிப்பிடுங்கள். கறுப்புக் கோட்டையும் டையையும் சலவைக்குக் கொடுத்து எடுத்துவையுங்கள். மூட் கோர்ட் சுற்று எதிர்பாராத வாரத்தில் அறிவிக்கப்படும். டிசம்பர் விடுமுறைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் செப்டம்பருக்குள் கடிதம் அனுப்பிவிடுவது நல்லது.

நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வழக்கைத் தொடர ஒரு வழி இருக்கிறது. சேம்பரை விட்டு வரும்போது, நீங்கள் ஊன்றிப் படித்த இரண்டு மூன்று வழக்குகளின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உரிய, எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட அடையாள எண்ணை) சீனியரின் அனுமதியோடு குறித்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணை இட்டால் அடுத்த வாய்தா, கடைசியாக நடந்தது, பதிவேற்றப்பட்ட உத்தரவு ஆகியவை தெரியும். மாதம் ஒருமுறை பார்த்து, டைரியின் கடைசிப் பக்கங்களில் தேதியோடு எழுதிவாருங்கள். இடைக்கால மனுவில் உத்தரவு வந்துவிட்டால் அதை முழுவதும் படித்து, வரைவில் இருந்த எந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்றது, எதைத் தள்ளியது, எதைத் தொடவே இல்லை என்று பிரித்து எழுதுங்கள். புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை ஜூனியரிடம் கேளுங்கள்.